ஏ.ஏ.ஆர்.பி. கார்டு வாங்கலாமா?

கேள்வி: நியூஜெர்சியில் 22 ஆண்டுகளாக இருக்கிறோம். வரும் நவம்பரில் எனக்கு 65 வயது நிறைந்து, அரசின் முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேரில் சேரும் வயது வருகிறது. ஜனவரி கடைசியில் வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறேன். மனைவிக்கு 61. கிரீன் கார்டில் வந்து நான்கு ஆண்டுகளாக எங்களோடு இருக்கும் மாமியாருக்கு 82. ஏ.ஏ.ஆர்.பி. என்ற முதியோர் அமைப்பிலிருந்து விடாமல் தபால் வந்துகொண்டிருக்கிறது. "அதில் சேர்ந்தால்தான் மெடிகேருக்கு மேல் இன்சூரன்ஸ் எடுக்க முடியும்" என்கிறார் ஒரு நண்பர். "அது வெறும் இன்சூரன்ஸ் ஏஜென்சி, பணத்தை வீணாக்காதே" என்கிறார் இன்னொருவர். சேரலாமா? பகலெல்லாம் வீட்டில் தனியாக இருக்கும் மாமியாருக்கு அதனால் ஏதாவது பயன் உண்டா?

பதில்: இரண்டு நண்பர்கள் சொன்னதும் பாதி சரி, பாதி தவறு. கட்டணத்தைப் பொறுத்தவரை யோசிக்க அதிகம் இல்லை. ஆண்டுக்கு 20 டாலர். வருடாவருடம் தானாகப் புதுப்பித்துக்கொள்ளச் சம்மதித்தால் முதல் ஆண்டுக்கு மட்டும் 15 டாலர். அதே கட்டணத்தில் வீட்டில் இன்னொருவரையும் சேர்த்துக்கொள்ளலாம். நீங்கள் கவனிக்க வேண்டியது அந்த அமைப்பின் பெயரைத் தாங்கி வரும் இன்சூரன்ஸை. அதில் தவறாக முடிவெடுத்தால் ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான டாலர் வரை கை நழுவும். சில தவறுகளைப் பிறகு திருத்தவும் முடியாது. அதனால் கார்டு வாங்குவதை ஒரு முடிவாகவும், இன்சூரன்ஸ் எடுப்பதை இன்னொரு முடிவாகவும் தனித்தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த இரண்டும் ஏன் பின்னிக் கிடக்கின்றன என்பதற்கு அமைப்பின் பிறப்பிலேயே காரணம் இருக்கிறது. கலிபோர்னியாவில் உயர்நிலைப் பள்ளி முதல்வராக இருந்து ஓய்வு பெற்ற எத்தல் பெர்சி ஆண்ட்ரஸ், 1947-ல் ஓய்வுபெற்ற ஆசிரியர்களுக்கென ஒரு சங்கம் தொடங்கினார். மெடிகேர் வந்தது 1965-ல்தான். அதற்கு முன்பு முதியவர்களுக்கு மருத்துவக் காப்பீடு கொடுக்க நிறுவனங்கள் எளிதில் முன்வரவில்லை. ஆசிரியர்களுக்குக் குழுக் காப்பீடு தர ஒரு நிறுவனத்தைத் தேடிப் பிடித்து, பிறகு அதே வசதியை எல்லா முதியவர்களுக்கும் விரிவுபடுத்த 1958-ல் அவர் ஆரம்பித்ததுதான் ஏ.ஏ.ஆர்.பி. ஆக, அதன் வேர் இன்சூரன்ஸில்தான் இருக்கிறது. ஆனால் அது இன்சூரன்ஸ் கம்பெனி அல்ல. தன் பெயரைப் பயன்படுத்த யுனைடெட் ஹெல்த்கேர் போன்ற நிறுவனங்களுக்கு அனுமதி கொடுத்து, அதற்கு ராயல்டி வாங்குகிறது. அப்படி வரும் தொகை ஆண்டுக்கு நூறு கோடி டாலரைத் தாண்டும். உறுப்பினர் கட்டணமாக வருவது அதைவிட மிகக் குறைவு. ஏ.ஏ.ஆர்.பி. பெயரில் விற்கும் மெடிகேப் பாலிசியில் (மெடிகேர் கொடுக்காத பங்கை ஈடுகட்டும் தனியார் காப்பீடு) பிரீமியத்தின் 4.95 சதவீதம் இப்படி அமைப்புக்குப் போகிறது என்பது பல வழக்குகளில் பேசப்பட்டிருக்கிறது. இதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை, விளம்பரத்தின் அடியில் சின்ன எழுத்தில் ராயல்டி வாங்குவதாக அவர்களே அச்சிட்டிருப்பார்கள். நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: ஒரு பாலிசியில் அவர்கள் பெயர் இருப்பதால், சந்தையில் இருக்கும் எல்லாவற்றையும் ஒப்பிட்டு உங்களுக்காகத் தேர்ந்தெடுத்தார்கள் என்று பொருளல்ல.

முதல் நண்பர் சொன்னதில் சரியான பாதி இது: ஏ.ஏ.ஆர்.பி. பெயரில் யுனைடெட் ஹெல்த்கேர் விற்கும் மெடிகேப் பாலிசியை எடுக்க உறுப்பினராக இருந்தே ஆக வேண்டும். மற்றக் கம்பெனிகளின் மெடிகேப்புக்கு அது தேவையில்லை. அதே பெயரில் வரும் மெடிகேர் அட்வான்டேஜ் திட்டத்துக்கும் (மெடிகேர் பலன்களைத் தனியார் கம்பெனி வழியாகப் பெறும் திட்டம்), மருந்துக்கான பார்ட் டி திட்டத்துக்கும்கூட உறுப்பினர் கார்டு கேட்க மாட்டார்கள்.

இனி உங்கள் தேதிகள். நவம்பரில் பிறந்தவருக்கு மெடிகேரில் சேரும் காலம் ஆகஸ்ட் முதல் பிப்ரவரி கடைசி வரை ஏழு மாதம். 20 பேராவது வேலை செய்யும் நிறுவனத்தில், பணியில் இருப்பதன் பேரில் காப்பீடு இருந்தால் பார்ட் பி-யை (மெடிகேரில் டாக்டர், வெளிநோயாளி சிகிச்சைக்கான பகுதி) தள்ளிப் போடலாம், அபராதம் கிடையாது. உங்கள் அலுவலகக் காப்பீடு ஜனவரி 31-ஓடு முடிகிறது என்றால், ஜனவரிக்குள் விண்ணப்பித்து பார்ட் பி-யை பிப்ரவரி 1 முதல் வாங்கிக்கொள்ளுங்கள். இங்கே பலர் சறுக்குகிறார்கள்: வேலையை விட்டபின் 'கோப்ரா'வில் பழைய காப்பீட்டைத் தொடர்கிறோமே, அது போதும் என்று இருந்துவிடுகிறார்கள். பார்ட் பி கணக்கில் கோப்ரா வேலைக் காப்பீடாகாது. தாமதமாகும் ஒவ்வொரு முழு 12 மாதத்துக்கும் 10 சதவீதம் வீதம் பிரீமியம் கூடி, அந்தக் கூடுதல் கடைசி வரை கூடவே வரும். 2026-ல் பார்ட் பி-யின் வழக்கமான பிரீமியம் மாதம் 202.90 டாலர். இரண்டு ஆண்டு தாமதித்தவருக்கு இதன் மேல் மாதம் 40 டாலர் போல் ஏறும்.

பார்ட் பி தொடங்கும் நாளிலிருந்து ஆறு மாதம், அதாவது உங்களுக்கு பிப்ரவரி 1 முதல் ஜூலை 31 வரை, எந்த மெடிகேப் கம்பெனியும் உங்கள் உடல்நிலையைக் காட்டி மறுக்கவோ கூடுதலாகக் கேட்கவோ முடியாது. சர்க்கரை, ரத்த அழுத்தம், ஸ்டென்ட் எது இருந்தாலும் சரி. இந்த ஆறு மாதம் போய்விட்டால், நியூயார்க், கனெக்டிகட் போன்ற சில மாநிலங்களைத் தவிரப் பெரும்பாலான இடங்களில் மருத்துவக் கேள்விகள் கேட்டு மறுக்கும் உரிமை கம்பெனிக்கு வந்துவிடும். "இப்போதைக்கு மலிவாக ஒன்றை எடுப்போம், நோய் வந்தால் மாறிக்கொள்வோம்" என்ற கணக்கு இந்த இடத்தில்தான் உடைகிறது.

ஒப்பிடும் வேலை சிரமமானதல்ல. மெடிகேப் திட்டங்களுக்கு எழுத்துப் பெயர்கள். மாசசூசெட்ஸ், மினசோட்டா, விஸ்கான்சின் தவிர எல்லா மாநிலங்களிலும் ஒரே எழுத்துத் திட்டத்துக்கு ஒரே பலன்தான், எந்தக் கம்பெனியில் வாங்கினாலும் சரி. ஜி (G) திட்டம் என்றால், பார்ட் பி-யின் ஆண்டுக் கழிவுத் தொகையான 283 டாலரை (2026) நீங்கள் கட்டியபின், மெடிகேர் ஏற்கும் சிகிச்சைகளில் உங்கள் பங்குக்கு அநேகமாக எதுவும் மிஞ்சாது. 'என்' (N) எழுத்துத் திட்டத்தில் பிரீமியம் குறைவு. பதிலுக்கு, டாக்டரைப் பார்க்கும்போது 20 டாலர் வரையும், அட்மிட் ஆகாமல் திரும்பும் எமர்ஜென்சி வருகைக்கு 50 டாலர் வரையும் கொடுக்க வேண்டிவரும். பலன் ஒன்றே என்றபின் மிச்சம் இருப்பது விலையும் அது ஏறும் வேகமும்தான். மெடிகேர் இணையதளத்தில் உங்கள் ஜிப் கோடு, வயதைக் கொடுத்து ஜி திட்டத்துக்கு மூன்று கம்பெனிகளின் விலையை எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றிடமும் மூன்று கேள்விகள் கேளுங்கள். பிரீமியம் என் வயது ஏற ஏற ஏறுமா, இல்லை எல்லா வயதுக்கும் ஒன்றா? கடந்த ஐந்து ஆண்டுகளில் எவ்வளவு ஏற்றினீர்கள்? இப்போது சொல்லும் விலையில் தள்ளுபடி ஏதாவது அடங்கியிருக்கிறதா, அது எப்போது குறையும்?

மூன்றாவது கேள்வி ஏ.ஏ.ஆர்.பி. பாலிசிக்கு முக்கியம். 65 வயதில் சேருபவருக்குப் பெரிய தள்ளுபடி கொடுத்து, பிறகு வருடாவருடம் அதைச் சிறிது சிறிதாகக் குறைக்கும் ஏற்பாடு பல மாநிலங்களில் அந்தப் பாலிசிக்கு உண்டு. அடிப்படை விலை ஏறாத ஆண்டிலும் நீங்கள் கட்டும் தொகை ஏறும். அதனால் அது மோசமான பாலிசி என்றாகிவிடாது. வயதுக்கேற்ப ஏறும் மற்றக் கம்பெனிப் பாலிசியும் இதே திசையில்தான் போகும். முதல் ஆண்டு விலையை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் தவறு. 65, 70, 75 வயதுக்கான விலையைத் தனித்தனியே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஏ.ஏ.ஆர்.பி. வரிசையில் மட்டும் ஆண்டுக்கு 20 டாலரைக் கூட்டிக்கொள்ளுங்கள். மெடிகேப்பில் மாத்திரைச் செலவு அடங்காது, பார்ட் டி தனியாக எடுக்க வேண்டும். அலுவலகக் காப்பீடு முடிந்து இரண்டு மாதத்துக்குள் எடுத்துவிடுங்கள். மருந்துக் காப்பீடு இல்லாமல் 63 நாள் போய்விட்டால் அதற்கும் ஓர் அபராதம் உண்டு.

ஊருக்குப் போய்வரும் குடும்பம் நீங்கள் என்பதால் இன்னொன்று. மெடிகேர் பொதுவாக அமெரிக்காவுக்கு வெளியே செல்லாது. ஆனால் ஜி (G), என் (N) உள்ளிட்ட சில மெடிகேப் திட்டங்களில் வெளிநாட்டு அவசர சிகிச்சைக்கு இடமுண்டு. 250 டாலர் கழிவுத் தொகைக்குப் பிறகு 80 சதவீதம் கொடுப்பார்கள், வாழ்நாள் உச்சவரம்பு 50,000 டாலர். பயணத்தின் முதல் 60 நாளுக்குள் வந்த அவசரமாக இருக்க வேண்டும். மூன்று மாதம் ஊரில் தங்குபவருக்குக் கடைசி 30 நாள் வெறுமையாக நிற்கும். அந்த நாட்களுக்குப் பயணக் காப்பீடு தனியே பார்த்துக்கொள்ளுங்கள்.

மெடிகேர் அட்வான்டேஜ் விளம்பரங்களில் பிரீமியம் பூஜ்யம், பல்லும் கண்ணும் சேர்த்து என்று வரும். அதில் உண்மையும் உண்டு. ஆனால் அவர்கள் பட்டியலில் இருக்கும் டாக்டர், ஆஸ்பத்திரியோடு நிற்க வேண்டும், பல சிகிச்சைகளுக்கு முன்அனுமதி வாங்க வேண்டும். 65-ல் முதன்முதலாகச் சேரும்போதே அட்வான்டேஜ் எடுத்தவர் 12 மாதத்துக்குள் வெளியே வந்தால் கேள்வியில்லாமல் மெடிகேப் வாங்கலாம். அதன் பிறகு அந்தக் கதவு பெரும்பாலும் சாத்திவிடும்.

இதையெல்லாம் தனியாக உட்கார்ந்து பார்க்க வேண்டியதில்லை. ஒவ்வொரு மாநிலத்திலும் அரசு நிதியில் நடக்கும் இலவச மெடிகேர் ஆலோசனைத் திட்டம் உண்டு. நியூஜெர்சியில் அதன் பெயர் ஷிப். கலிபோர்னியா, டெக்சாஸில் ஹைகேப், புளோரிடாவில் ஷைன் என்பார்கள். ஆலோசகர்களுக்குக் கமிஷன் கிடையாது, எதையும் விற்கவும் மாட்டார்கள். ஏ.ஏ.ஆர்.பி.க்குப் பணம் கட்டும் முன்பே அங்கே ஒரு நேரம் வாங்கிவிடுங்கள். நீங்கள் சாப்பிடும் மாத்திரைகளின் பெயர், மில்லிகிராம், ஒரு நாளைக்கு எத்தனை என்று எழுதி, டாக்டர்களின் பட்டியலோடு கொண்டுபோனால் ஒரே அமர்வில் முடிந்துவிடும்.

உறுப்பினராகாமலே கிடைப்பவற்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த அமைப்பு செய்வதில் மிகவும் உருப்படியானவை இவைதான் என்பது என் கணிப்பு. பிப்ரவரி முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரை நடக்கும் டாக்ஸ்-எய்டு சேவையில், பயிற்சி பெற்ற தொண்டர்கள் வருமான வரிப் படிவத்தை இலவசமாகப் போட்டுத் தருகிறார்கள். கார்டு கேட்பதில்லை. ஊரில் வீட்டு வாடகை வருகிறது, வங்கியில் பெரிய டெபாசிட் இருக்கிறது என்றால் மட்டும் அவர்கள் எடுத்துக்கொள்ள மாட்டார்கள், வெளிநாட்டுக் கணக்கு தெரிந்த கணக்காளரிடம்தான் போக வேண்டும். மோசடி அழைப்பில் சிக்கியவர்களுக்கும், சிக்கிவிட்டோமோ என்று பயப்படுகிறவர்களுக்கும் ஒரு தொலைபேசி உதவி மையம் நடத்துகிறார்கள், அதுவும் எல்லோருக்கும் இலவசம். ஸ்மார்ட் டிரைவர் வகுப்பில் உறுப்பினரல்லாதவரும் சேரலாம், கட்டணம் சற்றே கூடும். அங்கீகரிக்கப்பட்ட இப்படியொரு வகுப்பை முடித்தால் நியூஜெர்சியில் கார் இன்சூரன்ஸில் மூன்று ஆண்டுகளுக்குத் தள்ளுபடி கொடுத்தாக வேண்டும் என்பது சட்டம்.

உறுப்பினருக்கு மட்டுமான சலுகைகளில் ஹோட்டல் அறைக்கு 10 சதவீதம் வரை கிடைப்பதுதான் பலருக்கும் பயன்படும். ஓர் இரவு 150 டாலர் அறையில் இரண்டு இரவு தங்கினால் 30 டாலர் மிச்சம், அந்த ஆண்டுக் கட்டணம் வந்துவிட்டது. ஆனால் முன்பணம் கட்டி எடுக்கும் விலை பெரும்பாலும் அதைவிடக் குறைவாக இருக்கும், இரண்டையும் சேர்த்து வாங்க முடியாது. உங்களிடம் ஏற்கெனவே டிரிபிள் ஏ என்ற வாகன ஓட்டிகள் சங்கத்தின் கார்டு இருந்தால் ஹோட்டலில் அதே அளவு தள்ளுபடி அதிலேயே கிடைக்கும். உணவகச் சலுகைகளில் பல ஸ்டேக் வகை உணவகங்களில் இருப்பவை, சைவக் குடும்பத்துக்கு அதிகம் உதவாது. கண்ணாடிக்குத் தரும் தள்ளுபடி நல்லதுதான், ஏனென்றால் மெடிகேர் சாதாரணக் கண்ணாடிக்குப் பணம் கொடுப்பதில்லை. பல் காப்பீடு வாங்குவதாக இருந்தால் ரூட் கெனால், கிரவுன் போன்ற பெரிய வேலைகளுக்குக் காத்திருப்புக் காலம் எத்தனை மாதம், ஆண்டு உச்சவரம்பு எவ்வளவு என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். பலரும் இதே கார்டில் கிடைக்கும் என்று நினைக்கும் தேசியப் பூங்கா சீனியர் பாஸுக்கும் இவர்களுக்கும் தொடர்பே இல்லை. 62 வயதான குடிமக்களுக்கும் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கும் பூங்கா நிர்வாகமே 80 டாலருக்கு ஆயுள் பாஸ் தருகிறது. மாமியார் பெயரில் ஒன்று எடுத்தால், வண்டிக்குக் கட்டணம் வாங்கும் பூங்காக்களில் அவரோடு ஒரே காரில் வரும் எல்லோரும் உள்ளே போகலாம்.

சேருவதற்கு இன்னொரு காரணமும் சிலருக்கு உண்டு: வாஷிங்டனில் முதியோருக்காகக் குரல் கொடுக்கும் மிகப் பெரிய அமைப்பு இது. 2003-ல் மருந்துக் காப்பீட்டைக் கொண்டுவந்த சட்டம், இன்சுலினுக்கு மாதம் 35 டாலர் உச்சவரம்பு வைத்த 2022-ம் ஆண்டுச் சட்டம் இரண்டுக்கும் பின்னால் அதன் அழுத்தம் இருந்தது. அதன் நிலைப்பாடுகள் பிடிக்காதவர்களுக்கு ஏமாக் என்ற பழமைவாதச் சார்புள்ள அமைப்பு 2007-லிருந்து இருக்கிறது. உங்கள் அரசியலுக்கு எது ஒத்துவருகிறதோ அதன்படி முடிவு செய்யுங்கள். கட்டணத்தை மட்டும் வரி விலக்கில் காட்ட முடியாது.

ஆகவே உங்களுக்கு என் பரிந்துரை: ஷிப் ஆலோசனையும் விலை ஒப்பீடும் முடியும்வரை சேர வேண்டாம். அவர்கள் மெடிகேப் உங்களுக்குச் சாதகமாக வந்தாலோ, ஆண்டுக்கு இரண்டு மூன்று இரவாவது ஹோட்டலில் தங்குபவர் என்றாலோ சேருங்கள். ஓர் ஆண்டுக்கு மட்டும் கட்டுங்கள். ஐந்து டாலருக்காகத் தானாகப் புதுப்பிக்கும் கட்டத்தில் டிக் போட்டால், மறந்துபோய் வருடக்கணக்கில் பிடித்துக்கொண்டிருப்பார்கள். சேரும்போதே தபால், மின்னஞ்சல் வேண்டாம் என்று தெரிவித்துவிட்டால் விளம்பரம் குறையும். இலவச இரண்டாம் உறுப்பினராக மனைவியைச் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் அவருக்கு உடனடியாகத் தேவைப்படுவது வேறு: உங்கள் அலுவலகக் காப்பீட்டில் அவரும் இருந்தால், நீங்கள் ஓய்வு பெற்றதும் அவருடையதும் போய்விடும், மெடிகேருக்கு இன்னும் நான்கு ஆண்டு இருக்கிறது. காப்பீடு முடிந்து 60 நாளுக்குள் மார்க்கெட்பிளேஸ் (ஒபாமாகேர் என்று சொல்லும் காப்பீட்டுச் சந்தை) திட்டம் எடுக்க வேண்டும், அல்லது கோப்ராவில் தொடர வேண்டும். ஏ.ஏ.ஆர்.பி. கார்டு இந்த இடைவெளியை நிரப்பாது.

ஒரு எச்சரிக்கையும். வரும் தபால்கள் எல்லாமே ஏ.ஏ.ஆர்.பி.யிடமிருந்து வருவதல்ல. அரசாங்கக் கடிதம் போலவே அச்சிட்டு, "இறுதி அறிவிப்பு" என்று போட்டு, பிறந்த தேதியும் ஃபோன் நம்பரும் கேட்கும் பதில் அட்டைகள் 65-ஐ நெருங்குபவர்களுக்கு நிறைய வரும். அடியில் "எந்த அரசு அமைப்போடும் தொடர்பில்லை", "உரிமம் பெற்ற ஏஜென்ட் தொடர்பு கொள்வார்" என்று பொடி எழுத்தில் இருந்தால் அது ஆள் பிடிக்கும் அட்டை. நிரப்பி அனுப்பினால் பல மாதம் ஃபோன் ஓயாது. மெடிகேர் எண்ணைக் கேட்டுத் தானாக ஃபோன் வந்தால் வைத்துவிடுங்கள், வீட்டில் ஃபோன் எடுக்கும் மாமியாரிடமும் சொல்லி வையுங்கள்.

மாமியார் விஷயத்தில் இரண்டு காரியம். முதலாவது மெடிகேர். கிரீன் கார்டோடு தொடர்ந்து ஐந்து ஆண்டு இங்கே வசித்திருந்தால் அவருக்கும் வாங்க முடியும். சேரும் காலம் அந்த ஐந்தாண்டு நிறையும் மாதத்துக்கு மூன்று மாதம் முன்பே தொடங்குகிறது. இடையில் ஆறு மாதத்துக்கு மேல் ஊரில் போய்த் தங்கினால் தொடர்ச்சி கேள்விக்குள்ளாகும், அடுத்த ஓராண்டு பயணங்களைக் குறுகலாக வைத்துக்கொள்ளுங்கள். அவரோ அவர் கணவரோ இங்கே வேலை செய்து வரி கட்டியிராததால் ஆஸ்பத்திரிச் செலவுக்கான பார்ட் ஏ-க்கும் காசு கட்ட வேண்டும், 2026-ல் மாதம் 565 டாலர். நீங்களோ மகளோ வேலை செய்த ஆண்டுகள் அவர் கணக்கில் சேராது. மெடிகேப் வேண்டுமென்றால் ஏ, பி இரண்டும் இருக்க வேண்டும். பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று உண்டு: மருத்துவக் கேள்வி கேட்காத அந்த ஆறு மாதம் 83 வயதில் பார்ட் பி தொடங்கும் அவருக்கும் அப்படியே பொருந்தும். பிரீமியம் வயதுக்கேற்ப அதிகம் இருக்கலாம், ஆனால் உடல்நிலையைக் காட்டி மறுக்க முடியாது. அந்த வாய்ப்பு அவருக்கு ஒரே ஒரு முறைதான் வரும், தேதியை இப்போதே குறித்து வையுங்கள். அதுவரை மார்க்கெட்பிளேஸ் திட்டம் எடுக்கலாம்.

இரண்டாவது அவருடைய தனிமை, அது இன்சூரன்ஸைவிடச் சிறிய விஷயமல்ல. அதற்கு ஏ.ஏ.ஆர்.பி. கார்டு அதிகம் உதவாது. அது தபாலிலும் இணையத்திலும் வாழும் அமைப்பு, 82 வயதுத் தமிழ் அம்மா போய் உட்கார்ந்து பேசும் இடம் அல்ல. உங்கள் கவுன்ட்டியின் முதியோர் அலுவலகத்தைக் கூப்பிடுங்கள். 1965-ம் ஆண்டு முதியோர் சட்டத்தின் கீழ் 60 வயதானவர்களுக்கு மதிய உணவும், வகுப்புகளும், பல இடங்களில் வேன் வசதியும் சீனியர் சென்டர் வழியாக நடக்கின்றன. உணவுக்கு விரும்பியதைக் கொடுக்கலாம், கொடுக்காவிட்டாலும் போடுவார்கள். கேட்க வேண்டியவை: வீட்டு வாசலுக்கே வேன் வருமா, எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும்? சைவச் சாப்பாடு உண்டா, இல்லையென்றால் வீட்டிலிருந்து கொண்டுவரலாமா? இந்திய முதியவர்கள் எந்தக் கிழமைகளில் அதிகம் வருகிறார்கள்? இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்காமல் ஏதோ ஒரு நாள் கூட்டிப்போனால், பேச்சுத் துணைக்கு ஆளில்லாமல் ஒரே நாளில் "எனக்கு வேண்டாம்" என்று சொல்லிவிடுவார். உள்ளூர்த் தமிழ்ச் சங்கத்தில் முதியோர் குழு இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். அங்கே வருகிறவர்களில் யாராவது அதே சென்டருக்கும் போகிறவராக இருந்தால், முதல் இரண்டு வாரம் அவரோடு சேர்த்து அனுப்புங்கள்.